கொத்தித் துரத்தும் பெட்டைக்கோழியை வழிக்குக் கொண்டுவருவது எப்படி: ஒவ்வொரு படியாக

வீட்டுக் கொல்லையில் ஐந்து முதல் பதினைந்து கோழி வரை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பண்ணை போட்டு நூறு, இருநூறு என்று வளர்ப்பவர்களுக்குக் கணக்கே வேறு. சேவல் சண்டையும் இதில் வராது, முழுக்கப் பெட்டைகள்தான். ஒரு பெட்டை மட்டும் மற்றதைத் தீவனத்துப் பக்கம் அண்டவிடாமல் விரட்டும், முதுகில் இறகைப் பிடுங்கும், அடுத்ததன் குஞ்சைக் கொத்திப் போடும், முட்டை எடுக்கப் போனால் உங்கள் கையையே பதம் பார்க்கும். இதில் எதுவாக இருந்தாலும் கீழே இருக்கும் வரிசைப்படியே போங்கள்.

வரிசையை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், புதிதாகக் கோழி வளர்க்க வருபவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது அடிவாங்கும் கோழியைத் தூக்கித் தனியாக அடைப்பது. பாவம் பார்த்துச் செய்வதுதான், ஆனால் அதுதான் காரியத்தைக் கெடுக்கும். காரணம் ஏழாவது படியில் வருகிறது. அதற்காக நேராக அங்கே தாவ வேண்டாம், பல வீடுகளில் ஆறாவது படி முடிவதற்குள்ளேயே சண்டை அடங்கிவிடும்.

1. முதலில் இவற்றை எடுத்து வையுங்கள்

தேவைப்படும் நேரத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது, அதிலும் ராத்திரி எட்டு மணிக்கு.

ஒரு கம்பிக் கூண்டு வேண்டும். ஒரு கோழி எழுந்து நின்று, திரும்பி, இறக்கையை விரிக்கிற அளவு, சுமார் இரண்டரை அடிக்கு இரண்டடி இருந்தால் போதும். "பஞ்சாரம் இருக்கிறதே" என்பார்கள். கோழியைக் கவிழ்த்து மூடும் அந்தக் கூடை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குச் சரி. நாள்கணக்கில் அடைத்தால் உள்ளே வைத்த தண்ணீரைக் கோழி கவிழ்த்துவிடும், தரை ஈரமாகும், நாய் வந்து பஞ்சாரத்தையே புரட்டிப் போட்டுவிடும்.

கூடுதலாக ஒரு தீவனத்தொட்டி, ஒரு தண்ணீர்க் கிண்ணம். வேப்பெண்ணெய், மஞ்சள்தூள், போவிடோன் அயோடின், பஞ்சு. ஒரு டார்ச் லைட், பழைய சாக்கு ஒன்று. கோழி வலை ஆறேழு அடி நீளத்துக்கு இருந்தால் எட்டாவது படியில் உதவும்.

கால் வளையம் மறக்க வேண்டாம். ஒரே நிறத்தில் நாலைந்து பெட்டை இருந்தால் எது கொத்தியது என்று மறுநாள் நிச்சயமாகக் குழம்புவீர்கள். பிளாஸ்டிக் வளையம் கோழித் தீவனக் கடையில் கிடைக்கும். சிவப்பு மட்டும் வேண்டாம், சிவப்பைக் கண்டால் கொத்திப் பார்ப்பது கோழியின் குணம். நூலைக் கட்டுவது ஆபத்து, கால் பருக்கும்போது நூல் சதைக்குள் இறங்கிவிடும்.

2. அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்

காலையில் கூட்டைத் திறந்துவிடும் நேரம் ஒன்று, சாயங்காலம் கோழி அடையும் நேரம் ஒன்று. இந்த இரண்டில்தான் எல்லாம் வெளியே வரும். மதியம் போய்ப் பார்த்துவிட்டு "எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமில்லை, அந்த நேரத்தில் எல்லாம் நிழலில் மண்ணைக் கிளறிப் படுத்திருக்கும்.

கோழிக் கூட்டத்தில் யார் முந்தி, யார் பிந்தி என்று ஒரு வரிசை எப்போதும் உண்டு. மேலே இருப்பது கீழே இருப்பதன் தலையில் ஒரே ஒரு கொத்து வைக்கும், அது கழுத்தைத் தாழ்த்தி நகர்ந்துகொள்ளும், அத்தோடு முடிந்தது. இது சண்டை இல்லை. இதில் நீங்கள் குறுக்கே போகக் கூடாது, போனால் முடிய வேண்டியது முடியாமல் நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருக்கும். இளம் பெட்டைகளான வெடைக்கோழிகள் ஐந்து ஆறு மாதத்தில் கொண்டை சிவந்து முட்டைக்கு வரும்போது பழைய பெட்டைகள் இப்படிக் கொஞ்ச நாள் கடுப்பாக இருப்பதும் சகஜம்.

நீங்கள் தேடுவது வேறு. நகர்ந்து போன கோழியை விடாமல் பின்னாலேயே துரத்துவது, மூலையில் மடக்கி மேலே ஏறிக் கொத்துவது, முதுகிலும் வாலடியிலும் இறகைப் பிடுங்கித் தின்பது, இரண்டு மூன்று சேர்ந்து ஒன்றை அடிப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தால் அடுத்த படிகளுக்குப் போகலாம்.

சத்தம் போட்டு விரட்டுகிறதே, அதுதான் இறகையும் பிடுங்குகிறது என்று நினைத்துவிட வேண்டாம். இறகு பிடுங்கும் கோழி பூனை மாதிரி சத்தமே இல்லாமல் பின்பக்கமாக வந்து நிற்கும், ஒரு இறகை இழுக்கும், விழுங்கும், ஒன்றும் தெரியாதது போல் நகர்ந்துவிடும். எல்லாக் கோழியும் முதுகு சொட்டையாக இருக்க, ஒன்று மட்டும் இறகு கலையாமல் மினுமினுப்பாக இருந்தால் அதன்மேல் ஒரு கண் வையுங்கள்.

அடிவாங்கும் கோழியையும் அன்றைக்கு ராத்திரி எடுத்துப் பார்த்துவிடுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, கத்தாமல் கைக்கு வரும். கழுத்து முடிகிற இடத்தில், கோழியின் வலப்பக்கம், இரைப்பையைத் தடவிப் பாருங்கள். நாள் முழுக்க மேய்ந்த கோழிக்கு அது புடைத்து, உள்ளே தானியம் நெருடும். துரத்தப்பட்ட கோழிக்குச் சப்பையாகத் தோலோடு ஒட்டியிருக்கும். அப்படியே நெஞ்செலும்பைத் தொடுங்கள். கத்தி விளிம்பாகத் துருத்திக்கொண்டிருந்தால் பல நாளாகப் பட்டினி. கொண்டை வெளிறி, எச்சம் பச்சையாகவோ வெள்ளையாகவோ தண்ணீராகப் போனால் அது நோய்க் கோழி, நோய்ப்பட்டதால்தான் மற்றவை கொத்துகின்றன. அதை மட்டும் உடனே பிரித்துக் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். அடிவாங்குவதைப் பிரிக்கக் கூடாது என்று சொன்னதற்கு இது விதிவிலக்கு.

3. ரத்தம் இருந்தால் அது முதல் வேலை

இரண்டாவது விதிவிலக்கு ரத்தம். ஒரு துளி சிவப்பு தெரிந்தால் போதும், இதுவரை சாதுவாக இருந்த கோழிகூட வந்து கொத்தும், மாலைக்குள் குடலே வெளியே வந்துவிடலாம். மிகைப்படுத்தவில்லை, எச்சத்துவாரத்தில் கொத்து விழுந்தால் அதுதான் நடக்கும். முட்டையின் மேல் ரத்தக் கோடு தெரிந்தால் அன்றைக்கே எல்லாப் பெட்டைகளின் பின்பக்கத்தையும் பாருங்கள்.

கொதித்து ஆறிய வெந்நீரில் கொஞ்சம் உப்புப் போட்டுக் காயத்தைக் கழுவுங்கள். தண்ணீர் கலந்த போவிடோன் அயோடினைத் தொட்டு வைத்துக் காயவிட்டு, மஞ்சள்தூளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். மஞ்சள் சிவப்பை மறைக்கும். வேப்பெண்ணெய்க் கசப்புக்கு மற்றவை இரண்டாவது தடவை வாய் வைக்கத் தயங்கும், ஈயும் உட்காராது. மழைக்காலத்தில் இந்தக் கடைசி விஷயம் முக்கியம், திறந்த காயத்தில் ஈ முட்டையிட்டால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். கண்ணில் அடி, ஆழமான ஓட்டை, குடல் தள்ளியிருப்பது, இதற்கெல்லாம் கை வைத்தியம் வேண்டாம்.

காயம் பொருக்குக் கட்டும் வரை தனியாக வையுங்கள், ஆனால் வலைக்கு இந்தப் பக்கம், மற்ற கோழிகள் தினமும் பார்க்கும்படி. பார்வையிலிருந்து மறைத்தால் கூட்டத்துக்கு அது அந்நியக் கோழியாகிவிடும்.

4. அடைக்கோழியா, தாய்க்கோழியா?

இதைக் கேட்காமல் "எங்க கோழி திடீர்னு வெறிபிடிச்ச மாதிரி ஆயிடுச்சு" என்று சொல்பவர்கள் அதிகம். திடீரென்று ஆனது என்றாலே முதலில் சந்தேகப்பட வேண்டியது அடை, அதாவது குஞ்சு பொரிக்க முட்டைமேல் உட்காரும் பருவம்.

அடைக்கு வந்த பெட்டை முட்டைப் பெட்டியை விட்டு எழுந்திருக்காது, கிட்டே போனால் இறகைச் சிலிர்த்து உப்பிக்கொண்டு உறுமும், நெஞ்சுக்குக் கீழே இறகு உதிர்ந்து தோல் சூடாக இருக்கும், எச்சம் பெரிதாகவும் நாற்றமாகவும் போடும். கையை வைத்தால் கொத்தும். இதற்கு வைத்தியம் இரண்டே. குஞ்சு வேண்டுமென்றால் தனி இடத்தில் முட்டை வைத்து 21 நாள் விட்டுவிடுங்கள். வேண்டாமென்றால் அடை தெளிய வையுங்கள். தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகைச் செருகுவது என்று ஊரில் செய்வார்கள். இறகு செருகுவது வெறும் சித்திரவதை. அடிப்பக்கம் கம்பி வலை இருக்கிற கூண்டில், வைக்கோல் எதுவும் போடாமல், வெளிச்சமான நிழலில் மூன்று நான்கு நாள் வைத்தால் வயிற்றுக்கு அடியில் காற்று ஓடி உடம்புச் சூடு இறங்கும், அடையும் தெளியும். தீவனமும் தண்ணீரும் குறையக் கூடாது.

குஞ்சோடு திரியும் தாய்க்கோழி எதையும் எவரையும் கொத்தும், அதைத் திருத்தவே வேண்டாம். பருந்தையும் காகத்தையும் எதிர்த்து நிற்கப்போவது அதுதான். செய்ய வேண்டியது அதற்கும் மற்ற கோழிகளுக்கும் நடுவில் ஒரு தட்டி வைப்பது. கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்பார்கள். தாய் மிதித்துச் சாவது அரிது, அடுத்த கோழி கொத்திச் சாகும். தாய் கொஞ்சம் அசந்தால் மற்றப் பெட்டைகள் மண்டையில் ஒரு கொத்து வைத்தே குஞ்சை முடித்துவிடும். அதனால் முதல் மூன்று நான்கு வாரத்துக்கு அந்தத் தட்டி எடுக்கப்படாமல் இருக்கட்டும்.

இன்னொன்று, குஞ்சுகளுக்கு இரண்டு மாதம் நெருங்கும்போது தாயே அவற்றைக் கொத்தி விரட்ட ஆரம்பிக்கும். இதைப் பார்த்துப் பயந்து தாயைக் கூண்டில் போடுகிறார்கள். அது பிரித்துவிடுகிறது, அவ்வளவுதான். குஞ்சுகளுக்குத் தனித் தீவனத்தொட்டி வைத்தால் போதும்.

5. இடத்தை மாற்றுங்கள்

கோழியைத் தொடுவதற்கு முன்னால் இடத்தைத் தொடுங்கள் என்பதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது. இடம் போதாத இடத்தில் ஒரு கோழியைத் திருத்தினால் நாளைக்கு இன்னொன்று ஆரம்பிக்கும்.

கூட்டுக்குள் ஒரு கோழிக்கு 3 முதல் 4 சதுர அடி, பகலில் அடைப்புக்குள்ளேயே இருக்கும் கோழி என்றால் அந்த அடைப்பில் தலைக்கு 8 முதல் 10 சதுர அடி. நாலடிக்கு நாலடி கூடு என்றால் 16 சதுர அடி, அதில் ஐந்து கோழி இருக்கலாம். டவுன் வீடுகளில் அதே கூட்டில் பத்து கோழியைப் பார்க்கிறேன். நாள் முழுக்க வெளியே மேய்ந்துவிட்டு ராத்திரி மட்டும் அடையும் கோழிக்குக் கூடு கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் ஓடிவிடும், மழை பெய்து நான்கு நாள் வெளியே விட முடியாதபோதுதான் வினை வரும்.

தீவனத்தொட்டியை இரண்டாக்குங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றும் ஆகாது, ஒரே கோழி நடுவில் நின்று இரண்டையும் காவல் காக்கும். ஏழெட்டு அடி தள்ளி, ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாதபடி, நடுவில் ஒரு சுவரோ செடியோ இருக்கிற மாதிரி வையுங்கள். தண்ணீருக்கும் இதேதான். தண்ணீர் மறுக்கப்படுவதை யாரும் கவனிப்பதில்லை, கோடையில் அதுதான் முதலில் கொல்லும்.

அடுத்தது, அடிவாங்கும் கோழி ஓடி ஒளிய இடம். இரண்டு தென்னந்தட்டியைச் சுவரில் சாய்த்து வையுங்கள், இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் அடைத்திருந்தால் அது ஒளிவிடம் இல்லை, பொறி. உள்ளே ஓடிய கோழி மாட்டிக்கொண்டு அங்கேயே அடிவாங்கும். ஒரு மரக்கட்டை, கவிழ்த்த சிமென்ட் தொட்டி, ஒரு செடிப் புதர், இப்படிப் பார்வை மறைகிற எதுவாக இருந்தாலும் பயன்தான். துரத்தும் கோழிக்கு இலக்கு கண்ணை விட்டு மறைந்தால் பாதி வேகம் அங்கேயே போய்விடும்.

பரண், அதாவது ராத்திரி கோழி உட்காரும் கொம்பு, ஒரு கோழிக்கு 8 முதல் 10 அங்குலம். படிப்படியாக உயரம் வைத்துக் கட்டினால் எல்லாம் மேல் கொம்புக்குத்தான் அடித்துக்கொள்ளும், எல்லாக் கொம்பையும் ஒரே உயரத்தில் கட்டுங்கள். இரண்டு அங்குல அகலத்தில் மரச்சட்டம் நல்லது, இரும்புக் குழாய் வழுக்கும், சூடும் குளிரும் ஏறும். முட்டைப் பெட்டி நான்கைந்து பெட்டைக்கு ஒன்று. கூட்டுக்குள் ராத்திரி பிரகாசமான பல்பு எரியவிடுவது பலருக்குப் பழக்கம், கீரி பாம்புக்குப் பயந்து. கோழிக்கு இருட்டு வேண்டும், விளக்கை வெளியே மாட்டுங்கள்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் எந்தக் கோழிக்கும் நல்ல குணம் இருக்காது. கூரைமேல் கீற்றைப் போட்டு, மதியத்தில் தரையில் தண்ணீர் தெளித்தாலே கொத்து குறைவதைப் பார்க்கலாம்.

6. தீவனம், அப்புறம் பேன்

குருணையும் மிச்சச் சோறும் மட்டும் தின்னும் கோழி இறகு பிடுங்கினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முட்டையிடும் கோழிக்குத் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் புரதம் வேண்டும், அரிசியில் இருப்பது 7, 8 சதவீதம்தான், மக்காச்சோளத்தில் சுமார் 9. இறகே புரதம் என்பதால் பற்றாக்குறையில் இருக்கும் கோழி அடுத்ததன் முதுகைத் தீவனத்தொட்டியாக்கிக்கொள்கிறது.

தீர்வு எளிது. கடையில் கிடைக்கும் முட்டைக்கோழித் தீவனத்தைப் பாதிக்கு மேல் கொடுங்கள், குருணையையும் கம்பையும் மேலே தூவும் பண்டமாக்குங்கள். கடலைப் பிண்ணாக்கு, அசோலா என்ற நீர்ச்செடி, முருங்கைக் கீரை எல்லாம் நல்லதே. பிண்ணாக்கில் பூஞ்சை வாடை வந்தால் மாட்டுக்கும் போடாதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள். கறையான் வேண்டுமென்றால் பழைய பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் அடைத்து, தண்ணீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் ராத்திரி கவிழ்த்து வையுங்கள், காலையில் பானையைத் தூக்கிக் கோழிகளுக்கு நடுவில் தட்டினால் அரைமணி நேரம் யாரும் யாரையும் பார்க்காது.

உப்புக் குறைந்தாலும் கொத்து வரும். வீட்டில் தீவனம் கலப்பவர்கள் 100 கிலோவுக்குக் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை உப்புச் சேர்க்க வேண்டும், அதற்கு மேல் போகக் கூடாது, மிக அதிகமானால் விஷம். கருவாட்டுத்தூள் போடுகிறவர்கள் உப்பில்லாக் கருவாடாகப் பார்த்து வாங்குங்கள்.

வேலையில்லாத கோழியும் கொத்தும். குருணைத் தீவனத்தை ஐந்து நிமிடத்தில் தின்றுவிட்டு மிச்ச நேரம் என்ன செய்யும்? முருங்கை அல்லது அகத்திக் கொத்தைத் தலைக்குக் கொஞ்சம் மேலே தொங்கவிடுங்கள், எம்பி எம்பித் தின்னட்டும். ஒரு பிடி கம்பை சருகுக்குள் வீசுங்கள், கிளறித் தேடட்டும்.

பேனும் செள்ளும் தூங்கவிடாமல் கடித்தால் எந்தப் பிராணிக்கும் எரிச்சல் வரும். ராத்திரி டார்ச் அடித்துப் பரண் கொம்பு சேரும் மூட்டுகளில் பாருங்கள், செம்பழுப்பாக நகரும் புள்ளிகள்தான் செள்ளு. பகலில் அவை கோழிமேல் இருக்காது என்பதால் "எங்க கோழியில் ஒண்ணுமில்லை" என்று ஏமாறுவார்கள். கூட்டைக் காலி செய்து, பழைய வைக்கோலை எரித்து, சுண்ணாம்பு அடித்து, மூட்டுகளில் வேப்பெண்ணெய் பூசுங்கள். சாம்பலும் காய்ந்த மண்ணும் கலந்த ஒரு குழி, இரண்டு கோழி ஒரே நேரத்தில் புரளும் அளவு, நிழலில் இருக்கட்டும். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் குத்துமதிப்பாகக் கலந்து கோழிமேல் அடிக்கக் கூடாது. அதனால் செத்த கோழிகள் சண்டையால் செத்ததைவிட அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன். மருந்து வேண்டுமென்றால் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

இதுவரை சொன்னதைச் செய்து ஒரு வாரம் பொறுங்கள். அதற்குப் பிறகும் அதே கோழி அதே வேலையைச் செய்தால் மட்டும் அடுத்த படி.

7. கொத்துகிறதை வெளியே எடுங்கள்

அடிவாங்குவதை எடுத்தால் என்ன ஆகும்? அது இல்லாத நாட்களில் வரிசை அதைத் தவிர்த்து இறுகிவிடும். திரும்பி வரும்போது அது கடைசிக்கும் கடைசி, எல்லோருக்கும் புதுமுகம், முன்பு ஒன்று கொத்தியது, இப்போது நாலு கொத்தும். கொத்துகிறதை எடுத்தால் இதே விஷயம் தலைகீழாக நடக்கும். மற்றவை பயமில்லாமல் தின்று, தங்களுக்குள் வரிசை போட்டுக்கொள்ளும், மேலே இருந்தது திரும்பி வரும்போது இடம் போயிருக்கும், புதிதாக வந்த கோழி போல அடக்கமாகத்தான் நுழைய முடியும்.

ராத்திரி பரணிலிருந்து எடுத்துக் கூண்டில் விடுங்கள். பகலில் கொல்லை முழுக்கத் துரத்திப் பிடித்தால் மற்றக் கோழிகளும் மிரண்டு இரண்டு நாள் முட்டை குறையும். முதல் நான்கைந்து நாள் கூட்டத்தின் கண்ணில் படாத இடத்தில் கூண்டு இருக்கட்டும், வீட்டின் முன்பக்கமோ மாடிப்படி அடியோ. நிழல், காற்று, தண்ணீர், முழுத் தீவனம் எல்லாம் கொடுக்க வேண்டும். பட்டினி போட்டால் புத்தி வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். பசித்து வரும் கோழி திரும்ப விட்ட அன்றைக்கே தீவனத்தொட்டியில்தான் முதல் சண்டையைத் தொடங்கும்.

அந்த நாட்களில் மிச்சக் கூட்டத்தைக் கவனியுங்கள், அதுதான் இந்தப் படியின் பாதிப் பயன். அமைதியாகிவிட்டதென்றால் குற்றவாளியைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். இரண்டாம் நாளே இன்னொரு பெட்டை அதே வேலையை ஆரம்பித்தால் கோளாறு கோழியில் இல்லை, ஐந்தாவது ஆறாவது படிக்குத் திரும்பிப் போங்கள்.

8. திரும்பச் சேர்ப்பது

அவசரப்பட்டுக் கெடுப்பது இங்கேதான். பகல் பத்து மணிக்குக் கூண்டைத் திறந்து நடுக் கொல்லையில் இறக்கிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினால் சாயங்காலம் காயம் பார்க்கத்தான் வர வேண்டும்.

கடைசி இரண்டு நாள் கூண்டைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, நடுவில் வலையை மட்டும் வையுங்கள். வலைக்கு இரண்டு பக்கமும் தீவனம் போடுங்கள், பார்த்துக்கொண்டே தின்னப் பழகும். வலை வழியாகவே எகிறிக் கொத்தினால் இன்னும் இரண்டு நாள் போகட்டும். அதற்குள் கொல்லையில் தட்டி, தொட்டி, கட்டையெல்லாம் இடம் மாற்றி வைத்துவிடுங்கள். "இது என் இடம்" என்று நினைக்க எதுவும் பழையபடி இருக்கக் கூடாது.

சேர்க்கும் நாளில் இருட்டிய பிறகு பரணின் ஓரத்தில் கொண்டுபோய் உட்கார வையுங்கள். காலையில் விடியும் முன் நீங்கள் கூட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். ராத்திரி சேர்த்தால் விடிந்ததும் மறந்துவிடும் என்பது பாதிதான் உண்மை, விடிந்து பத்து நிமிடத்தில் எல்லாம் நினைவுக்கு வரும். திறந்த உடனே மூன்று இடத்தில் தீவனத்தைக் கொட்டி, கீரைக் கட்டை வீசுங்கள், வாய் வேலையாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போல நாள் முழுக்க வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைக் கொத்து, இரண்டு மூன்றடி துரத்தல், இரண்டும் கழுத்து இறகைச் சிலிர்த்து நேருக்கு நேர் நிற்பது, இதெல்லாம் விடலாம். மூலையில் மடக்குவது, மேலே ஏறி விடாமல் பிடுங்குவது, ரத்தம், இவற்றில் எது வந்தாலும் நடுவில் சாக்கை விட்டுப் பிரித்துத் திரும்பக் கூண்டு. கையை விடாதீர்கள், கொத்து உங்களுக்கு விழும். இரண்டாவது தடவை ஒரு வாரம் முழுதாக வைத்துப் பாருங்கள்.

9. புதுக்கோழி வந்ததால் சண்டை என்றால்

சந்தையில் ஒற்றைப் பெட்டையை வாங்கி வந்து நேராகக் கூட்டத்தில் விட்டால் யாருடைய குணத்தையும் குறை சொல்ல முடியாது. மூன்று நான்கு வாரம் தனியாக, முடிந்தவரை தள்ளி வையுங்கள். சண்டைக்காக மட்டும் சொல்லவில்லை, வெள்ளைக்கழிச்சல் நோய் அந்தக் கோழியோடு வந்தால் சண்டை போட ஆளே மிஞ்சாது. அதன் பிறகு வலைக்கு அந்தப் பக்கம் ஒரு வாரம், அப்புறம் எட்டாவது படி.

ஒன்றாக வாங்காதீர்கள், இரண்டு மூன்றாக வாங்குங்கள், அடி பங்கு போட்டுக்கொள்ளப்படும். சின்ன வெடையைப் பெரிய பெட்டைகளோடு விடக் கூடாது, உடம்பு கிட்டத்தட்டச் சமமாகும் வரை பொறுக்க வேண்டும். இனத்தையும் பாருங்கள். சண்டைக்கோழி இனமான பெருவிடையில் பெட்டைக்கும் சண்டை ரத்தத்திலேயே இருக்கிறது. பிவி 380 போன்ற சாதுவான முட்டைக்கோழிகளை அதனோடு ஒரே அடைப்பில் போட்டால் எத்தனை தட்டி வைத்தாலும் பிரச்சினை தீராது. சின்ன உடம்பு நாட்டுக்கோழியான சிறுவிடையோடு கொஞ்சம் ஒத்துப்போகும்.

10. ஆளைக் கொத்தும் பெட்டை

அடையும் குஞ்சும் இல்லாமல் ஒரு பெட்டை காலைக் கொத்த வந்தால், பாதி நேரம் அது கையிலிருந்து தீவனம் தின்று பழகியது, விரலைத் தீவனமாக நினைக்கிறது. தட்டில் போடுங்கள், செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கள்.

உண்மையிலேயே எகிறி வந்தால் ஓடக் கூடாது, உதைக்கவும் கூடாது. ஓடினால் ஜெயித்ததாக அதற்குப் புரியும், உதைத்தால் சண்டைக்கு ஒப்புக்கொண்டதாகப் புரியும். நின்ற இடத்திலேயே நின்று, இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்துப் பிடித்து, தரையோடு மெதுவாக அழுத்தி அது அடங்கும் வரை வைத்திருங்கள், பிறகு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உங்கள் வேலையைப் பாருங்கள். சில நாள் தொடர்ந்து செய்தால் விலகிப் போகப் பழகும். சின்னக் குழந்தைகளைத் தனியாகக் கூட்டுப் பக்கம் விடாதீர்கள், அவர்கள் முகமும் கண்ணும் கோழி எகிறும் உயரத்தில் இருக்கின்றன.

11. எதற்கும் மசியாவிட்டால்

சேவல் இல்லாத கூட்டம் என்றால் ஒரு சேவலைச் சேர்த்துப் பார்க்கலாம், எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும். முதிர்ந்த சேவல் பெட்டைகளின் சண்டைக்கு நடுவில் புகுந்து பிரித்துவிடும். இளஞ்சேவலை விட்டால் அந்தப் பெட்டையிடமே அடிவாங்கும். விடியற்காலை நாலு மணிக் கூவலுக்குப் பக்கத்து வீடு சம்மதிக்குமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூக்கில் மாட்டும் பிளாஸ்டிக் கண்ணடைப்பு கிடைக்கிறது. நேரே இருப்பது தெரியாது, பக்கவாட்டிலும் கீழேயும் தெரியும், அதனால் தீவனம் தின்ன முடியும், குறிவைத்துக் கொத்த முடியாது. மூக்கைக் குத்தி ஊசி செருகும் வகை வேண்டாம், ஊசி இல்லாததாக வாங்குங்கள். மாட்டிய முதல் நாள் தடுமாறும், தண்ணீர் குடிக்கிறதா என்று பாருங்கள். மூக்கு வெட்டுவதை வீட்டில் செய்யவே கூடாது. அலகுக்குள் நரம்பும் ரத்த ஓட்டமும் இருக்கிறது, பிளேடாலோ சூட்டுக்கோலாலோ வெட்டினால் வலியில் தீவனம் எடுக்காமல் மெலியும்.

அதுவும் பலிக்காவிட்டால் கோழியை மாற்றுங்கள். கொத்துகிற பெட்டை பல நேரம் நல்ல தாய்க்கோழி. தோட்டத்தில் பருந்துத் தொல்லையோடு குஞ்சு பொரிக்கிறவர்கள் இப்படிப்பட்டதைத் தேடி வாங்குவார்கள், உங்கள் நாலடிக் கூட்டில் அது ரவுடி, அவர்கள் அரை ஏக்கரில் அது காவல். கொத்தும் என்பதைச் சொல்லியே கொடுங்கள். கால் வளையத்தைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்ததற்கு ஆகும்.